மூணு சிலிண்டர் தாங்குமா டீச்சர்?



போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு போன் வந்தது. முதல் போன் ஒரு பழைய மாணவன். 1998-ல் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தவன், இப்போது ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். "டீச்சர், நீங்க ஓட்டுறீங்கல்ல, அதே மாதிரி ஒன் லிட்டர் டர்போ செடான் எடுக்கலாம்னு இருக்கேன். மூணு சிலிண்டர்தானே, தாங்குமா?" என்று கேட்டான்.

இரண்டாவது போன் என் தம்பி. "அக்கா, அந்த வண்டியக் கொடுத்திரு. உனக்கும் அறுபத்து நாலு ஆச்சு. மச்சானைக் கூட்டிட்டுப் போகணும்னா ஆக்டிங் டிரைவர் போட்டுக்க. இல்ல, உயரமான வண்டியா ஒண்ணு பார்ப்போம்."

இரண்டு பேருக்கும் போனில் பாதி பதில்தான் சொன்னேன். மீதி இங்கே. நீளமாகத்தான் இருக்கும். பரீட்சை இல்லை, நிதானமாகப் படியுங்கள்.

எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் ஒருத்தன் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவான், இன்னொருத்தன் டீச்சர் விளம்பரம் செய்கிறார் என்பான். இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானதைத்தான் சொல்கிறேன்: 1,000 சிசிக்கு உட்பட்ட இன்ஜின், மூன்று சிலிண்டர், ஒரு டர்போ, நாலரை மீட்டர் நீளத்தில் டிக்கியோடு ஒரு செடான்.

நான் ஏன் இதை வாங்கினேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. 2021-ல் உங்கள் கணக்கு சாருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் இரண்டும் போயின. பேச்சும் கணக்கும் கேலியும் அப்படியே இருக்கின்றன, அது எங்கள் பாக்கியம். மாதம் ஒருமுறை கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும். முதல் ஒரு வருஷம் வாடகைக் கார்தான். அதில் ஒரு தடவை உயரமான எஸ்யூவி வந்தது. சக்கர நாற்காலியிலிருந்து சாரை அதில் ஏற்ற டிரைவர், நான், மருத்துவமனைக் காவலாளி என்று மூன்று பேர் தூக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகை முன்னால் நிமிர்ந்து நின்ற மனிதர். கண்ணை மூடிக்கொண்டார். வீடு வரும்வரை பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி தையல் டேப்பை எடுத்து நாற்காலியின் இருக்கையை அளந்தேன். தரையிலிருந்து இருபது அங்குலம்.

அடுத்த இரண்டு வாரம் திருநெல்வேலியிலும் மதுரையிலும் ஷோரூம் ஷோரூமாக அந்த டேப்போடு ஏறி இறங்கினேன். விற்பனைப் பையன்கள் சன்ரூஃப் காட்டினார்கள், பெரிய திரை காட்டினார்கள். நான் முன் சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் டேப்பைப் பிடித்தேன். எஸ்யூவிகள் இருபத்தைந்து, இருபத்தேழு அங்குலம். இந்தச் செடான் இருபத்தொன்றரை. அந்த ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பலகை போதும். ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் ஒரு பலகை இழைத்து வாங்கினேன். நாற்காலியை வண்டிக்கு ஒட்டினாற்போல நிறுத்தி, பலகையைப் பாலம் போல வைத்தால், சார் வலது கையால் பிடித்துக்கொண்டு தானே நகர்ந்து சீட்டில் உட்கார்ந்துவிடுவார். முன் இடது சீட்டில் ஏறும்போது அவருடைய பலமான வலப்பக்கம் வண்டியை ஒட்டி இருக்கும், அது இன்னொரு வசதி. இறங்கும்போதுதான் பாடு. அப்போது இடப்பக்கம் முன்னால் வந்துவிடும், நான் தாங்க வேண்டும். ஆனாலும் யாரும் அவரைத் தூக்குவதில்லை.

"வயசானவங்களுக்கு உயரமான வண்டிதான் வசதி" என்று நம் குடும்ப வாட்சப் குழுவில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள். முழங்கால் வலி மட்டும் உள்ளவர்களுக்கு அது சரி. தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க எனக்கே "அம்மா" என்று ஒரு சத்தம் வருகிறது. ஆனால் சக்கர நாற்காலி உள்ள வீட்டுக்கு அது தப்பான யோசனை. வண்டியில் ஏறப் போவது யார் என்று கேட்காமல் வண்டி சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை.

டிக்கியும் ஒரு காரணம். மடித்த நாற்காலி, பலகை, மூன்று நாள் பை எல்லாம் 500 லிட்டருக்கு மேல் கொள்ளும் இந்த டிக்கியில் அடங்குகின்றன. நாலு மீட்டருக்கு உட்பட்ட வண்டிகளில் நாற்காலியை வைத்தால் பை மடியில்தான். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். செடான் டிக்கியின் விளிம்பு உயரம். பதினாறு கிலோ நாற்காலியை விளிம்புக்கு மேலே தூக்கி உள்ளே இறக்க வேண்டும். இந்த இடத்தில் எஸ்யூவிக்குத்தான் முழு மதிப்பெண். வாட்ச்மேன், டீக்கடைக்காரர், வழியில் போகிற கல்லூரிப் பிள்ளை என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் எனக்கு உதவுகிறார்கள்.

ஆக, நான் வாங்கியது சீட்டையும் டிக்கியையும். அந்த விலையில் கூடவே வந்தது இந்த மூணு சிலிண்டர் டர்போ. ஆன்-ரோடு விலை பதினான்கு லட்சத்தை ஒட்டி வந்தது, ஓய்வுப் பணத்தில் வீட்டுக்கு வைத்திருந்த பங்கு. வரி ஒரு வேடிக்கை. இன்ஜின் ஆயிரம் சிசிக்குள்தான், ஆனால் நீளம் 4 மீட்டரைத் தாண்டியதால் சின்ன கார் வரி கிடையாது. அன்றைக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, அதன் மேல் 17 சதவீத செஸ், கூட்டினால் 45. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு சின்ன கார்களுக்கு 18, மற்றவைக்கு 40 என்று ஆகிவிட்டது. ஓசூர்க்காரன் இதைக் கவனிக்கவும். இன்ஜின் சிறியது என்று வரியில் உனக்குச் சலுகை வராது.

இனி சிலிண்டர் விஷயம்.

மூணு சிலிண்டர் என்றவுடன் என் தம்பி மகன், "அத்தை, அது ஆட்டோ மாதிரி ஆடும்" என்றான். அவன் பிறப்பதற்கு முன்பே, 1983 டிசம்பரில், இந்த நாட்டுக்கு வந்த மாருதி 800-க்கும் மூணு சிலிண்டர்தான். 796 சிசி. முப்பது வருஷம் அது ஓடாத ஊர் உண்டா? 2004-ல் நான் டிரைவிங் பள்ளியில் கற்றுக்கொண்டதும் அதே வண்டியில்தான். எல் போர்டு மாட்டிக்கொண்டு கடலைமிட்டாய்க் கடைத் தெருவில் நான் திணறியதை உங்களில் சிலர் நின்று பார்த்துச் சிரித்தீர்கள், மறக்கவில்லை. தாங்குமா என்ற கேள்விக்கு நாம் எப்போதோ பதில் பார்த்துவிட்டோம்.

ஆடுவது உண்மை. ஏன் என்று எட்டாம் வகுப்புக் கணக்காகவே சொல்கிறேன். இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால், அதாவது 720 டிகிரிக்கு, ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். நாலு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. மூன்றில் 240-க்கு ஒன்று. இடைவெளி கூடுதல். அதோடு முதல் சிலிண்டரும் மூன்றாவதும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. கட்டிலின் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றி மாற்றித் தூக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இன்ஜின் நீளவாக்கில் ஆடப் பார்க்கும். நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் லேசாகத் தெரியும். வண்டி நகர்ந்தால் மறைந்துவிடும். "வண்டி உயிரோட இருக்குன்னாவது தெரியுதே" என்பார் சார்.

அந்த 800-க்குச் சுமார் 40 குதிரைத்திறன். ஏறக்குறைய அதே அளவு இன்ஜினில் இன்றைக்கு 110, 120 வருகிறது என்றால் நடுவில் என்ன நடந்தது? டர்போ நடந்தது. புதிய சமாச்சாரம் இல்லை, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார். நம் ஊர்க் கொல்லன் பட்டறையில் துருத்தி பார்த்திருப்பீர்கள். துருத்தி ஊதினால் அதே உலையில் அதே கரி கூடுதலாகக் கனலும். அந்தத் துருத்தியை மிதிக்க ஆள் வைக்காமல், புகை வெளியேறும் வேகத்தையே வைத்து இயக்கினால் அதுதான் டர்போ. சைலன்சருக்குப் போகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றுகிறது, அது மறுபக்கம் இன்னொரு காற்றாடியைச் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அமுக்குகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்.

சின்ன இன்ஜின் என்று இளப்பமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2012-ல் சர்வதேச அளவில் ஆண்டின் சிறந்த இன்ஜின் என்ற பட்டம் பெற்றது ஃபோர்டின் 1 லிட்டர், மூணு சிலிண்டர் டர்போ. அதன் அடிக்கட்டை ஒரு ஏ4 தாளின் மேல் அடங்கும் அளவு. அடுத்த இரண்டு வருஷமும் அதற்கே கிடைத்தது.

துருத்தியில் ஒரு சிக்கல் உண்டு. புகை வேகமாக வந்தால்தான் காற்றாடி சுற்றும். இன்ஜின் 1,700, 1,800 சுற்றைத் தொடும்வரை டர்போ பாதி உறக்கத்தில் இருக்கும். அதுவரை உங்கள் கையில் இருப்பது பழைய 800-ன் சக்திதான், ஆனால் வண்டி அதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு எடை. இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை, கொடைக்கானல் சொல்லித் தந்தது.

1996-ல் உங்களில் நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றிக் கொடைக்கானல் சுற்றுலா கூட்டிப்போனோமே, அந்த ஏரியை மறுபடி பார்க்க வேண்டும் என்று சார் கேட்டார். வண்டி வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரிலேயே திருப்பினேன். வேகம் குறைந்தது, சுற்று 1,200-க்குக் கீழே விழுந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், ஒன்றும் இல்லை. இன்ஜின் நடுங்கி நின்றேவிட்டது. பின்னால் அரசுப் பேருந்து, ஹாரன். வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. என் பக்கத்தில் கதவைத் திறந்து குதிக்க முடியாத மனிதர்.

கைப்பிரேக்கை இழுத்தேன். கை நடுங்கியது. சார் மெதுவாக, "ஒண்ணுல போடு. சுத்து ஏறட்டும், அப்புறம் விடு" என்றார். ஏறியது. அன்றைக்கு மிச்ச வளைவுகளில் எல்லாம் வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கி, 2,000-க்கு மேலே வைத்துத் திருப்பினேன். ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. மேலே போகப் போக இன்னொன்றும் தெரிந்தது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி, காற்றழுத்தம் தரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டிகள் அங்கே அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். துருத்தி உள்ள வண்டி அந்தக் குறையைப் பெரும்பாலும் அதுவே ஈடுகட்டிக்கொள்கிறது.

தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. இருபது வருஷம் டர்போ இல்லாத வண்டி ஓட்டிய கால் பழக்கம் அது. புது வண்டிக்கு நாலு மாதமாகப் பெட்ரோல் போட்டேன், அதன் சுபாவத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் மலை ஏறும் முன் ஒரு காலியான மேட்டில் பத்துத் தடவை ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் வேண்டாம், ஆட்டோமேட்டிக் எடுக்கிறேன் என்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நான் பணம் பார்த்து மேனுவல் எடுத்தேன்.

ஆக்டிங் டிரைவர் யோசனைக்கு வருகிறேன், தம்பி. போன தை மாதம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தபோது இரண்டு தடவை ஆள் வைத்தேன். நல்ல பையன், பழைய டீசல் வண்டிக்குப் பழகியவன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியர். பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைப்பு. இன்ஜின் திணறித் திணறி அதிர்ந்தது. "வண்டி வீக்கா இருக்கும்மா" என்றான். தாழ்ந்த சுற்றில் அப்படி அமுக்கினால் இன்ஜினுக்குத்தான் கேடு. அதைக்கூடச் சொல்லித் திருத்திவிடலாம். மதுரையில் இறங்கும்போது அவசரத்தில் சாரின் இடது கையைப் பிடித்து இழுத்துவிட்டான். அந்தத் தோள் ஏற்கனவே இறங்கிப்போன தோள். பத்து நாள் வலி. மூன்றாவது தடவை நான் ஆள் கூப்பிடவில்லை.

ஆனால் உன் கவலை நியாயம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு எதிரில் வரும் ஹெட்லைட் முன்பு போல இல்லை. அதனால் இருட்டும் முன் வீடு என்பது சட்டம். மழை என்றால் பயணம் கிடையாது, மருத்துவருக்குப் போன் போட்டுத் தேதி மாற்றுகிறேன். லைசென்ஸ் அடுத்த புதுப்பிப்புக்குப் படிவம் 1ஏ-யில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அவர் தயங்கினால் அன்றைக்கே சாவியை உன்னிடம் தருகிறேன். நீ கேட்டதற்காகத் தர மாட்டேன்.

சரி, ஓசூர்க்காரனுக்கு. உன் வீட்டிலிருந்து கம்பெனி மூன்று கிலோமீட்டர் என்றாய். காலையில் போய் மாலையில் வருவது, சனிக்கிழமை மார்க்கெட். இதற்குத்தான் வண்டி என்றால், இந்த இன்ஜின் உனக்கு வேண்டாம். மூன்று கிலோமீட்டரில் இன்ஜின் ஆயில் முழுசாகச் சூடேறாது. சூடேறாத இன்ஜினில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும், ஆயில் நீர்க்கும். டர்போவின் உயிர் அந்த ஆயிலில்தான் இருக்கிறது. லட்சம் சுற்றுச் சுற்றும் காற்றாடியின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. உனக்குச் சாதாரண நாலு சிலிண்டர் பெட்ரோல் போதும், டர்போ இல்லாமல். இல்லை, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வருவேன், நெடுஞ்சாலையில் நானூறு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுவேன் என்றால் எடு. சந்தோஷப்படுவாய்.

எடுத்தால், கம்பெனி சொன்ன தரத்து ஆயில் மட்டும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. நம் ஊரில் பட்டறை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவன், "டீச்சர், பிரேக்கு, டயர் எல்லாம் நான் பார்க்கிறேன். இன்ஜினுக்கு மட்டும் என்கிட்ட கொண்டாராதீங்க, இந்த ஆயில் நான் வைக்கிறதில்ல" என்றான். இருக்கிற டின்னை ஊற்றிக் காசு வாங்கியிருக்கலாம். அவனை நான் ஏழாம் வகுப்பில் இரண்டு தடவை முட்டி போட வைத்திருக்கிறேன், இப்போது வருத்தமாக இருக்கிறது. மலை ஏறி நிறுத்தினாலும், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தினாலும் உடனே அணைக்காதே, அரை நிமிஷம் ஓட விடு.

சர்வீஸ் பில்லை ஒவ்வொரு வரியாகப் படி. ஒரு சர்வீஸ் சென்டரில், நான் கேட்காத ஏசி கிருமிநீக்கம், இன்ஜின் சுத்திகரிப்பு, ஏதோ ஒரு திரவம் என்று நாலாயிரத்துச் சொச்சம் சேர்த்திருந்தார்கள். கைப்பையில் சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும். மூன்று வரியைச் சுழித்து, "இது பாடத்திட்டத்தில் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தேன். மேலாளர் சிரித்துவிட்டுக் கழித்துக் கொடுத்தார்.

மைலேஜ் கேட்பீர்கள். என் நோட்டில் உள்ளது இது: நெடுஞ்சாலையில் 80, 90-ல் போனால் லிட்டருக்கு 18. 110-ஐத் தொட்டால் 15. ஊருக்குள் 11. டர்போ ஊதினால் பெட்ரோலும் கூடவே போகும், சின்ன இன்ஜின் சிக்கனம் என்பது உங்கள் வலது கால் அமைதியாக இருக்கும்வரைதான். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் குறைகிறது. எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20-ல் மூன்றில் ஒன்று எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வரும் புதன்கிழமை சாருக்கு மதுரையில் முறை. காலை ஐந்தேமுக்காலுக்குக் கிளம்புவோம், விருதுநகரில் டீ. ஓசூர்க்காரன் அன்றைக்கு ஊரில் இருந்தால் வரட்டும். திரும்பும்போது காரியாபட்டி விலக்கிலிருந்து ஸ்டீயரிங்கை அவனிடம் தருகிறேன். ஆனால் நாற்காலியை டிக்கியில் ஏற்றுவது அவன் பொறுப்பு.